மோட்டார் சைக்கிளைக் கெப் வண்டியில் ஏற்றும்போது எப்படிக் கட்டுவது?

கேட்டவரின் நிலைமை இது: கொழும்பு வெள்ளவத்தையில் அறையைக் காலி செய்கிறார். தன் பல்சர் 150-ஐ நண்பரின் டபுள் கெப்பில் (இரண்டு வரிசை இருக்கையும் பின்னால் திறந்த பெட்டியும் உள்ள வண்டி) யாழ்ப்பாணம் கொண்டுபோக வேண்டும். சைட் ஸ்டாண்டில் நிறுத்தி நைலோன் கயிற்றால் நாலாபக்கமும் கட்டினால் போதுமா என்று கேட்கிறார்.

போதாது. அப்படிக் கட்டித்தான் நான் ஒரு பின்கண்ணாடிக்கும் ஒரு பெற்றோல் தாங்கிக்கும் காசு கொடுத்தேன்.

கெப் வண்டி மாமாவுடையது. நானும் மச்சானும் ஒழுங்கைக்குள் நின்று முக்கால் மணித்தியாலம் பாடுபட்டுக் கட்டினோம். சீற்றுக்கு மேலே ஒரு சுற்று, தாங்கிக்கு மேலே ஒரு சுற்று, ஹெண்டிலுக்கு இரண்டு. கயிறு வீணைத் தந்தி மாதிரி விறைத்து நின்றது. சிலாபத்துக்குக் கிட்ட ஒரு மாடு குறுக்கே வந்தது. பிரேக் பிடித்தோம். ஹெண்டிலின் முனை மாமாவின் பின்கண்ணாடி வழியாக எங்களை எட்டிப் பார்த்தது. மாமா ஒரு வார்த்தையும் ஏசவில்லை. ஏசியிருந்தால் மனம் ஆறியிருக்கும்.

என்ன பிழை விட்டோம் என்பது பிறகு புறக்கோட்டையில்தான் விளங்கியது. அங்கே லொறிகளுக்குச் சுமை ஏற்றும் நாட்டாமை ஒருவர், நான் கதையைச் சொல்லி முடிக்குமுன்னே சிரித்துவிட்டார். "தம்பி, நீங்கள் அதைப் பக்கத்துக்கு இழுத்துக் கட்டியிருக்கிறீர்கள். கீழே அமுக்கியல்லவா கட்ட வேண்டும்?" என்றார். இந்தப் பதில் முழுவதும் அவர் சொன்ன அந்த ஒன்றின் விரிவுதான்.

மோட்டார் சைக்கிள் அரிசி மூட்டை அல்ல. அதற்குள் ஸ்பிரிங் இருக்கிறது. குழியில் விழும்போது ஷொக், அதாவது சில்லின் அதிர்ச்சியைத் தாங்கும் ஸ்பிரிங் குழாய், அமுங்கும். அமுங்கிய அந்தக் கணத்தில், எவ்வளவு விறைப்பாகக் கட்டிய கயிறும் தளர்ந்துவிடும். கொக்கி இருந்தால் கழன்று விழும். வண்டியை எதுவும் பிடித்திராத அந்த அரை வினாடியில் ஒரு வளைவு வந்தால் போதும். ஆகவே ஷொக்கை முதலிலேயே பாதிக்கு அமுக்கிவிட்டுக் கட்ட வேண்டும். அப்போது ஸ்பிரிங் எந்நேரமும் மேலே உந்திக்கொண்டே இருக்கும், பட்டி தளர இடமே இராது. சைட் ஸ்டாண்டில் சாய்ந்து நிற்கும் வண்டியை இப்படி அமுக்க முடியாது. அமுக்கினால் பாரமெல்லாம் ஸ்டாண்டின் மேல் ஏறி, அதன் பொருத்து வளைந்துவிடும். ஸ்டாண்டை மடக்கிவிடுங்கள். வண்டி இரண்டு டயர்களில் நேராக நிற்கட்டும்.

நைலோன் கயிற்றையும் மறந்துவிடுங்கள். அது இழுபடும், நனைந்தால் இன்னும் இழுபடும். சைக்கிள் கரியரில் கட்டும் ரியூப் இறப்பரைச் சிலர் சிபாரிசு செய்வார்கள். பாண் பார்சலுக்கு அது சரி, 140 கிலோவுக்கு மேற்பட்ட வண்டிக்குச் சரிவராது. உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் பொலியெஸ்டர் ரட்செட் பெல்ட், அதாவது பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கும் பட்டி, கிடைக்கும். 25 மில்லிமீற்றர் அகலத்தில் நான்கு வாங்குங்கள். அதில் தைத்திருக்கும் விபரச் சீட்டில் பெரிதாக அச்சிட்டிருப்பது பெரும்பாலும் பட்டி அறுபடும் பாரம். நம்பக்கூடிய பாரம் வழக்கமாக அதில் மூன்றில் ஒன்றுதான். கூடவே முனைகளில் வளையம் தைத்த சிறு துணிப் பட்டிகளும் நான்கு வாங்குங்கள். அதை வண்டியில் சுற்றி, அதன் வளையத்தில் கொக்கியை மாட்டினால் பெயின்ற் சுரண்டாது.

ஏற்றுவதுதான் ஆட்களை ஆஸ்பத்திரிக்கு அனுப்பும் வேலை, கட்டுவது அல்ல. கெப்பில் சாய்த்து வைத்த பலகையில் எஞ்சினைப் போட்டு ஓட்டிக்கொண்டு ஏறாதீர்கள். பாதியில் எஞ்சின் நின்றால் கால் ஊன்ற நிலம் இருக்காது. மேட்டு நிலமாகப் பார்த்து, கெப்பின் பின்பக்கத்தை அதற்குக் கிட்டக் கொண்டுபோனால் ஏற்றத்தின் பாதி குறைந்துவிடும். பலகையின் மேல்முனையைப் பின்கதவோடு கட்டுங்கள்; கட்டாவிட்டால் முன்சில்லு ஏறியதும் பலகை பின்னுக்கு உதைத்துக்கொண்டு வரும். ஒருவர் இடப்பக்கம் ஹெண்டிலையும் முன்பிரேக்கையும் பிடிக்க, இருவர் பின்னாலிருந்து தள்ளட்டும். ஹெண்டில் பிடிப்பவர் ஏற இரண்டாவது பலகை ஒன்று வேண்டும். நாங்கள் சோடாப் பெட்டி வைத்தோம். அது வேறு கதை.

டபுள் கெப்பில் ஒரு சிக்கல் உண்டு. பின்பெட்டியின் நீளம் ஏறத்தாழ ஒன்றரை மீற்றர். பல்சர் இரண்டு மீற்றருக்குச் சற்று அதிகம். மூலைக்கு மூலை சரித்து வைத்தால் ஒருவாறு அடங்கும், ஆனால் பட்டிகள் நான்கும் நான்கு கோணத்தில் இழுக்கும். எனக்கு அது பிடிக்காது. வண்டியை நேராக வைத்து, பின்கதவைத் திறந்து, பின்சில்லை அதன்மேல் வையுங்கள். சில்லுக்குக் கீழே பெட்டிக்குள்ளிருந்து வரும் நீளப் பலகை ஒன்று இருந்தால் பாரம் பரவும். வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முனையில் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டுங்கள். கெப்பின் இலக்கத் தகடு மறைகிறதா என்றும் பாருங்கள்.

முன்டயர் பெட்டியின் முன்சுவரில் முட்டி நிற்க வேண்டும். காய்ந்த தாரில் கடுமையாகப் பிரேக் பிடித்தால் வண்டி தன் எடையில் ஏறத்தாழ முக்கால் பங்கு விசையோடு முன்னே பாயும். நூறு கிலோவுக்கு மேல். அதைப் பட்டி அல்ல, சுவர் தாங்க வேண்டும். இடைவெளி விட்டால் மாமாவின் கண்ணாடியை நினைத்துக்கொள்ளுங்கள்.

முன்பட்டிகளை எங்கே மாட்டுவது? ஹெண்டிலின் நுனியில் வேண்டாம், அது திரும்பும், வளையும். ஹெண்டிலுக்குக் கீழே, முன்சில்லைத் தாங்கும் இரண்டு போர்க் (fork) குழாய்களையும் சேர்த்துப் பிடிக்கும் உலோகத் தகடு இருக்கிறதே, அதற்கு மேலே துணிப் பட்டியைச் சுற்றுங்கள். பிரேக் குழாயும் கிளச் கேபிளும் இடையில் நசுங்கக்கூடாது. அங்கிருந்து பெட்டியின் இரு முன்மூலைகளில் இருக்கும் வளையங்களுக்கு முன்னோக்கியும் கீழ்நோக்கியும் பட்டி போக வேண்டும். மேலிருந்து பார்த்தால் இரண்டும் விரிந்து நிற்க வேண்டும். ஒருவர் வண்டியில் ஏறி முன்பக்கம் பாரத்தைப் போட, மற்றவர் இடம், வலம், இடம், வலம் என்று மாறிமாறி ரட்செட்டை இறுக்கட்டும். ஒரு பக்கத்தை முழுக்க இறுக்கிவிட்டு மற்றப் பக்கம் போனால் வண்டி சாய்ந்துவிடும். ஷொக் பாதி இறங்கியதும் நிறுத்துங்கள். முழுக்க அமுக்கி எட்டு மணித்தியாலம் வைத்தால் போர்க் எண்ணெய்ச் சீல் கசியத் தொடங்கலாம்.

பின்பட்டிகளுக்கு அவ்வளவு இறுக்கம் தேவையில்லை. பின்சில்லு பக்கவாட்டில் நகராமல் பிடிப்பதே அவற்றின் வேலை. சட்டத்தோடு பூட்டிய பின்இருக்கைக் கால்தாங்கிப் பகுதியில் மாட்டுங்கள். சூட்டுச் சைலன்சரில் பட்டி பட்டால் உருகிவிடும். கியரை முதலாவதில் விடுங்கள், பெற்றோல் வால்வை மூடுங்கள். ஸ்கூட்டருக்குக் கியர் இல்லையென்பதால் பிரேக் பிடியை ஹெண்டிலோடு சேர்த்துக் கட்டலாம். ரியூப் இறப்பர் பயன்படும் ஒரே இடம் அதுதான். பட்டிகளின் மிச்ச நுனிகளை முடிச்சுப் போடுங்கள். காற்றில் அடித்து அடித்து அவை பெயின்ற்றைத் தேய்த்துவிடும்.

புறப்பட்டு பேலியகொடையில் ஒருதரம் நிறுத்திப் பாருங்கள். முதல் பத்துக் கிலோமீற்றருக்குள்தான் எல்லாம் தன் இடத்தைத் தேடி அமரும், பட்டியும் தளரும். கட்டுநாயக்க அதிவேக வீதியில் ஏறுவதாக இருந்தால் இது கட்டாயம், உள்ளே போனபின் நினைத்த இடத்தில் நிறுத்த முடியாது. பிறகு புத்தளத்தில் ஒருதரம், அநுராதபுரத்தில் ஒருதரம் தேநீர் குடிக்கும் சாட்டில் பாருங்கள். மோட்டார் சைக்கிளின் வருமான அனுமதிப்பத்திரத்தையும் காப்புறுதிச் சான்றிதழையும் கையோடு வைத்திருங்கள். வழியில் பொலிஸார் மறித்தால் பேச்சு சுருங்கும்.

இறக்கும்போது அவசரப்படாதீர்கள். முன்பட்டிகளில் ஒன்றைக் கழற்றிய கணமே மற்றது வண்டியைத் தன் பக்கம் சரிக்கும். முதலில் சைட் ஸ்டாண்டைப் போட்டு, ஒருவர் ஹெண்டிலைப் பிடித்திருக்க, வலப்பக்கப் பட்டியைத் தளர்த்துங்கள்; வண்டி மெதுவாக இடப்பக்கம் ஸ்டாண்டில் சாயும். அடுத்த முறை நாங்கள் நானூறு கிலோமீற்றர் ஒரு கீறல் இல்லாமல் கொண்டுபோய், கொக்குவிலில் வீட்டு முற்றத்தில் வைத்து இடப்பக்கத்தை முதலில் கழற்றினோம். வலப்பக்க இண்டிகேற்றர் உடைந்தது. அது மச்சானின் செலவு.