சாவி யாரிடம்?

அன்புள்ள ஐயா,

மார்ட்டின் லூதர் கிங்கைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். சாட்டையால் அடித்தவனின் மதத்தை, விடுதலை கிடைத்த பிறகும் கறுப்பின மக்கள் ஏன் உதறவில்லை? இது அடிமை மனநிலையின் மிச்சம்தானே? ஜமைக்காவில் கறுப்பின மக்கள் தாங்களே உருவாக்கிய ரஸ்தாஃபாரி மதம் அதற்கான திருத்தமா?

ஆர்.

அன்புள்ள ஆர்.,

கிங் அமெரிக்கர். நானோ இரண்டு மாதமாக, பிரிட்டிஷ் காலனியாக இருந்த கரீபியன் தீவான ஜமைக்காவின் வரலாற்றிலேயே கிடக்கிறேன், அங்கிருந்தே சொல்கிறேன். அதனால்தான் உடனே பதில். ரஸ்தாஃபாரி தனிக்கதை, இன்னொரு நாள் பார்ப்போம். ஆனால் 'அடிமை மனநிலை' என்று எவ்வளவு சுலபமாக எழுதிவிட்டீர்கள்! சாய்வு நாற்காலியில் உட்கார்ந்தால் இப்படித்தான் தோன்றும் போலிருக்கிறது.

எஜமானின் மதம் என்கிறீர்கள். சரி. அப்படியானால் எஜமான்களே ஜெபக்கூடங்களை ஏன் கொளுத்தினார்கள்? 1831 கிறிஸ்துமஸ் முடிந்ததும் கூலி தராமல் வேலைக்கு வரமாட்டோம் என்று ஜமைக்காவின் அடிமைகள் முடிவெடுத்தார்கள். முன்னின்ற சாம் ஷார்ப், பாப்டிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையின் டீக்கன், அதாவது போதகருக்குத் துணையான சபை ஊழியர், அவரும் அடிமைதான். ஜெபக்கூட்டங்கள் வழியாகவே செய்தி தோட்டம் தோட்டமாகப் போனது. அது கிளர்ச்சியாக வெடித்தது. அடக்கி முடித்து 300 பேருக்கு மேல் மரண தண்டனை கொடுத்தார்கள். அத்தோடும் ஆத்திரம் தீராமல், வெள்ளைத் தோட்ட முதலாளிகள் பாப்டிஸ்ட் ஜெபக்கூடங்களைத் தேடித் தேடி எரித்தார்கள். அதற்கும் முன்பே, 1807இல், அடிமைகளுக்கென்று லண்டனில் ஒரு பைபிள் அச்சிட்டார்கள். மோசே தன் ஜனங்களை எகிப்திலிருந்து கூட்டிக்கொண்டு போகும் கதை அதில் கிடையாது. முழு பைபிளுக்குள் என்ன இருக்கிறது என்று உங்களைவிட எஜமான்களுக்கு நன்றாகவே தெரிந்திருந்தது.

1838இல் முழு விடுதலை வந்தது. நிலம் வரவில்லை. பாப்டிஸ்ட் போதகர்கள் நிலத்தை மொத்தமாக வாங்கித் துண்டு போட்டு விற்றார்கள். ஸ்லைகோவில் போன்ற கிராமங்கள் அப்படி உருவானவை. தோட்ட முதலாளியின் குடிசையை விட்டு வெளியேற அந்தத் துண்டு நிலம் வேண்டும். ஓட்டுப் போடவும் சொத்து வேண்டும். 1860களில் நாலு லட்சத்துக்கு மேற்பட்ட மக்களில் ஓட்டு இருந்தது 2,000 பேருக்கும் குறைவு.

அந்தக் கொஞ்சப் பேரில் ஒருவர் பால் போகிள். இவரும் டீக்கன், ஸ்டோனி கட் என்ற ஊரில் ஜெபக்கூடம் கட்டியவர். ஊர்க்குறையைச் சொல்ல ஆட்களோடு அன்றைய தலைநகரான ஸ்பானிஷ் டவுன் வரை 45 மைல் நடந்தார். பிரிட்டிஷ் ஆளுநர் எய்ர் முகம் கொடுக்கவில்லை. 1865 அக்டோபர் 11, மொரான்ட் பே நீதிமன்றத்துக்கு ஊர்வலம், துப்பாக்கிச் சூடு, கலவரம். ராணுவம் 400 பேருக்கு மேல் கொன்றது, போகிளைத் தூக்கில் போட்டது. அப்புறம் ஸ்டோனி கட்டுக்குப் போய் ஜெபக்கூடத்தையும் அழித்தது. கவனியுங்கள், மறுபடியும் அதே கட்டடம்!

நானும் உங்களைப் போலக் கேட்டவன்தான், அதுவும் நேருக்கு நேர். 90களில் லண்டனில் நான் குடியிருந்த வீட்டுக்காரம்மா ஜமைக்காக்காரர். ஞாயிற்றுக்கிழமை காலைகளில் வெள்ளைக் கையுறைகளை, ஒவ்வொரு விரலாக, அயர்ன் செய்வார். "இவ்வளவு கஷ்டப்பட்டும் ஏன் ஜெபத்துக்குப் போகிறீர்கள்?" என்று கேட்டேன். கப்பலில் வந்து இறங்கிய முதல் ஞாயிறு பக்கத்துத் தேவாலயத்துக்குப் போனாராம். ஆராதனை முடிந்ததும் பாதிரியார் வாசலில் கைகுலுக்கி, "வந்ததற்கு நன்றி, இனிமேல் வராதீர்கள், மற்றவர்களுக்குச் சங்கடமாக இருக்கிறது" என்றாராம். அதன் பிறகு ஏழெட்டுப் பேர் ஒரு வீட்டு முன்னறையில் கூடி ஜெபித்தார்கள். 'பார்ட்னர்' போட்டார்கள். நம் சீட்டுதான் அது. வருஷக்கணக்காகச் சேர்த்து ஒரு பழைய மண்டபத்தை வாங்கினார்கள்.

சொல்லிவிட்டுக் கைப்பையிலிருந்து சாவிக்கொத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். அதில் பெரிய சாவி மண்டபத்துடையது. நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"அது கிடக்கட்டும் மகனே, உன் வாடகை மூன்று நாள் தாமதம்" என்றார்.