மாலத்தீவு: 93இல் 66 எப்படி வந்தது? (கேள்வி பதில்)

2024 ஏப்ரல் 21 அன்று மாலத்தீவு மஜ்லிஸுக்கு, அதாவது அவர்கள் நாடாளுமன்றத்துக்கு நடந்த தேர்தலைப் பற்றி வந்த கேள்விகளும் என் பதில்களும். மாலேயில் நாலு வருடம் கணக்கு எழுதியவன் நான். டீக்கடையில் உட்கார்ந்தால் அங்கே அரசியலைத் தவிர வேறு பேச்சு காதில் விழாது. அந்தப் பழக்கம் ஊருக்கு வந்த பிறகும் விடவில்லை.

அண்ணா, முதலில் கணக்கைச் சொல்லுங்கள். யாருக்கு எத்தனை?

மொத்தம் 93 இடம். அதிபர் முகமது முய்சுவின் மக்கள் தேசிய காங்கிரசுக்கு 66. அதுவரை சபையைக் கையில் வைத்திருந்த மாலத்தீவு ஜனநாயகக் கட்சிக்கு 12. சுயேச்சைகள் 11. மிச்சம் நாலு இடம் சின்னக் கட்சிகளுக்கு. 2019இல் இதே ஜனநாயகக் கட்சி 87க்கு 65 வாங்கியிருந்தது.

ஜனவரியில்தான் மாலே மேயர் தேர்தலில் முய்சு கட்சி தோற்றது. அவரே முன்னாள் மேயர் வேறு. மூன்று மாதத்தில் என்ன மாயம்?

மாயம் ஒன்றுமில்லை, நாள்காட்டிதான். அங்கே அதிபர் தேர்தல் செப்டம்பரில், மஜ்லிஸ் தேர்தல் அடுத்த வருடத்தின் முதல் பாதியில். 2023 செப்டம்பர் 30இல் இரண்டாம் சுற்றில் முய்சு 54 சதவீதம் வாங்கி ஜெயித்தார், நவம்பர் 17இல் பதவி ஏற்றார். புது மாப்பிள்ளை வேட்டி கசங்குவதற்குள் அடுத்த ஓட்டு வந்துவிடுகிறது.

ஒரு சின்னத் தீவில் இருப்பவரின் இடத்தில் நின்று பாருங்கள். படகுத்துறையை ஆழப்படுத்த வேண்டும், சாக்கடைக் குழாய் வேண்டும், பையனுக்கு அரசு வேலை வேண்டும். மூன்றுக்கும் சாவி மாலேயில் அதிபர் அலுவலகத்தில் இருக்கிறது. இன்னும் நாலரை வருடம் இருக்கப்போகிற அதிபரோடு சண்டை போடும் உறுப்பினரை அனுப்பி அவருக்கு என்ன லாபம்? மேயர் தேர்தல் தலைநகரத்தோடு முடிகிற விவகாரம். அதை வைத்துத் தீவுகளின் மனதைக் கணக்குப் போட்டவர்கள் ஏமாந்தார்கள். நானும்தான்.

எப்போதும் இப்படி அமைந்துவிடுவதில்லை. 2008இல் நஷீத் அதிபரானார். 2009 மஜ்லிஸ் தேர்தலில் 77க்கு 26 இடம்தான் அவர் கட்சிக்குக் கிடைத்தது. சபை மடக்கி மடக்கி வைத்ததில் 2010 ஜூனில் அவருடைய அமைச்சரவை மொத்தமாக ராஜினாமா செய்தது. 2012 பிப்ரவரியில் அவரே பதவியிலிருந்து இறங்கினார்.

சார், சபையில் அடிதடி நடந்த வீடியோ பார்த்தேன். அதுவும் இதே விவகாரமா?

அதேதான். அமைச்சர்களை அதிபர் நியமிக்கலாம், ஆனால் மஜ்லிஸ் ஒப்புதல் தர வேண்டும். அமைச்சரானவர் மஜ்லிஸ் உறுப்பினராக இருக்கவும் முடியாது. பழைய சபையில் பெரும்பான்மை ஜனநாயகக் கட்சிக்கு. நாலு அமைச்சர்களை ஏற்க மாட்டோம் என்று அது கிளம்பியதும், 2024 ஜனவரி 28 அன்று ஆளும் தரப்பு உறுப்பினர்கள் வாக்கெடுப்பை நடத்தவிடவில்லை. சபாநாயகர் காதுப் பக்கம் ஊதலை வைத்து ஊதினார்கள், அவர் காதைப் பொத்திக்கொண்டார். மறுநாள் 19 பேருக்கு ஒப்புதல், மூவருக்கு இல்லை. மூவரையும் அதிபர் திரும்ப நியமித்துவிட்டார் என்பது வேறு கதை.

அப்புறம் அதிபரைப் பதவி நீக்கும் பேச்சு. அதற்கு மூன்றில் இரண்டு பங்கு ஓட்டு வேண்டும், 87இல் 58. அரசுப் பதவிக்காக ஏழு உறுப்பினர்கள் ராஜினாமா செய்திருந்தார்கள். காலி இடங்களைக் கணக்கில் சேர்க்க வேண்டாம் என்று எதிர்க்கட்சி சபை விதியை ஏற்கெனவே மாற்றி, 54 போதும் என்று இறக்கி வைத்திருந்தது. என் பார்வையில் 12 இடத்துக்கு இறங்கியதில் இந்தச் சாமர்த்தியத்துக்கும் பங்கு உண்டு. வந்து ரெண்டு மாதம் ஆன ஆளைத் தூக்கப் பார்க்கிறார்களே என்ற எண்ணம் வந்துவிட்டால் போதும்.

நான் யாழ்ப்பாணம். எங்கட நாட்டிலும் இதே கதைதானே?

வாக்கு விழுந்த விதம் ஒன்றுதான். 2024 செப்டம்பரில் அநுர குமார திசாநாயக்க ஜனாதிபதி, நவம்பரில் அவர் கூட்டணிக்கு 225இல் 159. வித்தியாசம், உங்கள் ஜனாதிபதி அரசியலமைப்பு தரும் காலக்கணக்குக்குள் நாடாளுமன்றத்தைக் கலைத்துத் தனக்கு வசதியான நேரத்தில் தேர்தல் வைக்கலாம். மாலத்தீவு அதிபரால் மஜ்லிஸைக் கலைக்க முடியாது. பிடிக்காத சபை வந்தால் ஐந்து வருடம் அதோடுதான் குடித்தனம்.

தூத்துக்குடியிலிருந்து கேட்கிறேன். எங்க ஊர்த் தோணி போகிற நாடு. அத்தனை தீவில் ஓட்டு எப்படிப் போடுகிறார்கள்?

உங்கள் ஊருக்கு மாசிக் கருவாடு அனுப்புகிற நாடு என்றும் சொல்லுங்கள்! ஓட்டு நிரந்தர முகவரிப்படி. மாலேயில் இருபது வருடம் குடியிருந்தாலும் சொந்தத் தீவின் தொகுதிக்குத்தான் ஓட்டு. அதனால் மாலேயில் ஒரே பள்ளிக்கூடத்துக்குள் வெவ்வேறு தொகுதிகளின் பெட்டிகள் இருக்கும். தன் தொகுதிப் பெட்டி எந்த அறையில் என்று தேடிப் போய் நிற்க வேண்டும். ரிசார்ட்டுகளிலும் சிறைகளிலும் பெட்டி வைத்தார்கள். வெளிநாட்டில் திருவனந்தபுரம், கொழும்பு, கோலாலம்பூர்.

தொகுதிகள் ரொம்பச் சின்னவை. நாட்டில் மொத்த வாக்காளரே சுமார் 2,84,000 பேர், அதை 93ஆல் வகுத்துப் பாருங்கள். வேட்பாளர் வீட்டுக் கல்யாணத்துக்கு யார் வரவில்லை என்பதுகூட ஓட்டைத் தீர்மானிக்கும்.

பெண்கள் எத்தனை பேர்?

நின்றவர்கள் 41. ஜெயித்தவர்கள் 3.

முன்னாள் அதிபர் யாமீன், நஷீத் எல்லாம் என்ன ஆனார்கள்?

பூஜ்யம், இருவர் தரப்புக்கும். யாமீன் மீதான தண்டனையை உயர் நீதிமன்றம் ஏப்ரல் 18இல், தேர்தலுக்கு மூன்று நாள் முன்பு ரத்து செய்து மறுவிசாரணைக்கு அனுப்பியது. வெளியே வந்தும் அவருடைய புதுக் கட்சிக்கு ஒரு இடம் தேறவில்லை. நஷீத் ஆதரவாளர்கள் ஜனநாயகக் கட்சியிலிருந்து பிரிந்து தொடங்கிய கட்சிக்கும் அதே கதி.

இது 'இந்தியாவே வெளியேறு' கோஷத்துக்குக் கிடைத்த வெற்றி என்று நம் டிவியில் சொன்னார்களே?

டிவிக்கு அதுதான் சுவாரசியம். இந்தியப் படையினர் திரும்பிப் போவது ஏப்ரலுக்கு முன்பே முடிவான விஷயம். முதல் குழு மார்ச்சிலேயே கிளம்பியது, மே 10 கெடு. அதிபர் தேர்தலில் கோஷம் உதவியது, மறுக்கவில்லை. ஆனால் மஜ்லிஸுக்கு ஓட்டுப் போட்டவர் மனதில் டெல்லியும் பெய்ஜிங்கும் இருந்ததைவிடப் படகுத்துறைதான் அதிகம் இருந்திருக்கும்.

66 இருந்தால் என்ன வேண்டுமானாலும் செய்யலாமா?

பதவி நீக்கப் பயம் போய்விட்டது, 93இல் அதற்கு 62 வேண்டும். அரசியலமைப்பைத் திருத்த நாலில் மூன்று பங்கு, அதாவது 70. அதற்கு நாலு குறைச்சல். சுயேச்சைகள் பலர் ஜெயித்த கையோடு ஆளும் கட்சிக்கு வந்து சேர்ந்ததில் அந்தக் குறை தீர்ந்தது.

அந்தப் பலத்தோடு 2024 நவம்பரில் ஒரு திருத்தம் கொண்டுவந்தார்கள். கட்சிச் சீட்டில் ஜெயித்தவர் கட்சியை விட்டுப் போனாலோ, கட்சி அவரை நீக்கினாலோ பதவி காலி. சுயேச்சை ஒரு கட்சியில் சேர்ந்தாலும் காலி. சேர வேண்டியவர்கள் எல்லாரும் அதற்கு முன்பே சேர்ந்தாயிற்று.