புது டிஸ்க் மாட்டியதும் லினக்ஸ் எமர்ஜென்சி மோடில் நிற்பது ஏன்?

மஞ்சக்குப்பம் கடை கம்ப்யூட்டரில் இரண்டாவதாக ஒரு டிஸ்க் மாட்டியதிலிருந்து உபுண்டு லினக்ஸ் ஏறாமல் எமர்ஜென்சி மோடில், அதாவது பழுது பார்க்கக் கட்டளை மட்டும் ஏற்கும் திரையில், நிற்கிறது என்கிறீர்கள். பெரும்பாலும் டிஸ்க் கெட்டிருக்காது, பெயர்தான் மாறியிருக்கும். டிஸ்க்குகளுக்கு லினக்ஸ் வைக்கும் எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயர்களெல்லாம் நிரந்தரமல்ல. கடலூர் பஸ் ஸ்டாண்டில் பாண்டி வண்டிக்கு சீட் பிடிப்பதுபோல, கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) கண்ணில் முதலில் பட்டதற்கு 'ஏ'. எந்த டிஸ்க்கை எங்கே இணைப்பது என்று சொல்லும் எஃப்எஸ்டேப் ஃபைலில் எஸ்டிஏ1 (எஸ்டிஏவின் முதல் பகுதி) என்று எழுதியிருந்தால் இப்போது வேறு டிஸ்க்கைத் தேடிப் போய் மவுண்ட், அதாவது அந்த இணைப்பு, தோற்கிறது.

எமர்ஜென்சி மோடிலேயே பிஎல்கேஐடி கட்டளை கொடுங்கள். அது காட்டும் யூயூஐடி என்ற தனி அடையாள எண் ஃபைல் சிஸ்டத்துக்குள்ளேயே பதிந்தது. கேபிளை எங்கே மாற்றினாலும் மாறாது, ஃபார்மட் செய்தால் போய்விடும். எஃப்எஸ்டேப்பில் பெயருக்குப் பதில் அதை எழுதுங்கள். (எழுத விடவில்லையென்றால் ரூட்டை (சிஸ்டம் இருக்கும் பகுதியை) எழுதவும் விடும் ரீட்-ரைட்டாக ரீமவுண்ட் செய்யவேண்டும்.) பேக்கப் டிஸ்க்கின் வரியில் நோஃபெயில் என்ற ஆப்ஷனும் சேருங்கள், கழற்றினாலும் சிஸ்டம் ஏறும். ரீபூட்டுக்கு முன் எஃப்எஸ்டேப்பில் உள்ளவற்றை மவுண்ட் செய்து பார்க்கும் மவுண்ட் -ஏ கட்டளையை ஒருமுறை ஓட்டினால் சில எழுத்துப்பிழைகள் அங்கேயே மாட்டிக்கொள்ளும்.