இதயப் பரிசோதனைகள் எல்லாம் சரியாக இருந்தும், மூளை அறுவை சிகிச்சையின் நடுவே துடிப்பு நின்றுபோகுமா?

நிற்கும். இருபது ஆண்டுகளுக்கு மேல் மயக்க மருந்து கொடுத்தவன் சொல்கிறேன். உங்கள் வீட்டில் யாருக்கோ இப்படி நடந்து, "இதயத்தில் ஒன்றுமில்லை என்றார்களே" என்று குமைந்துகொண்டிருக்கிறீர்கள் என எடுத்துக்கொள்கிறேன்.

முகத்தின் தொடு உணர்ச்சியைச் சுமக்கும் ஐந்தாம் மூளை நரம்பு, மூளையைப் போர்த்தியிருக்கும் தடித்த உறைக்கும் கிளை விடுகிறது. அது இழுபட்டால் செய்தி மூளைத்தண்டுக்குப் போகும். அங்கிருந்து வேகஸ் நரம்பு வழியாக இதயத்துக்கு, "மெதுவாக ஓடு" என்று கட்டளை வரும். சிலருக்கு அது "நில்" என்றே வந்துவிடும். கண் அறுவை சிகிச்சையில் தசையை இழுக்கும்போது துடிப்பு குறைவதும் இதன் உடன்பிறப்புதான்; கண்ணுக்கும் இதயத்துக்குமான அந்தத் தொடர்பை 1908-லேயே எழுதிவைத்துவிட்டார்கள்.

நாற்பதைத் தாண்டிய ஒரு பெண். சிறுமூளைக்கு அருகே மூளையுறைக் கட்டி. ஈசிஜி, எக்கோ இரண்டிலும் குறையில்லை. எங்கள் காது மானிட்டரின் ஒலியைத் தானாகவே எண்ணிக்கொண்டிருக்கும். கட்டியை உறையிலிருந்து பிரிக்கத் தொடங்கியதும் ஒலிகளுக்கு நடுவே இடைவெளி நீண்டது. நிமிர்ந்து பார்த்தேன்: 72 இருந்தது 38. அடுத்து ஒலியே இல்லை; திரையில் வெறும் கோடு. "சார், கையை எடுங்கள்!" என்று கத்தினேன். சர்ஜன் எடுத்தார். நான்கைந்து நொடிகள். ஒரு துடிப்பு, பிறகு இன்னொன்று. மார்பை அழுத்த வேண்டியிருக்கவில்லை. மறுபடி தொட்டபோது மறுபடியும் சரிந்தது. வேகஸின் கட்டளையைத் தடுத்துத் துடிப்பைக் கூட்டும் அட்ரோபின் மருந்தை 0.6 மில்லிகிராம் போட்ட பிறகே மீதிக் கட்டி வெளியே வந்தது.

"முன்கூட்டியே போட்டிருக்கலாமே?" என்று கேட்க இங்கே ஒருவர் வருவார். போட்டாலும் முழுதாகத் தடுக்கும் என்ற உறுதி கிடையாது; துடிப்பு தறிகெட்டு ஓடவும் கூடும். முதல் மருந்து, கையை எடுப்பதுதான்.

எல்லாமே இதனால்தான் என்றும் சொல்லவில்லை. உட்காரவைத்துச் செய்யும் அறுவை சிகிச்சையில் திறந்த சிரை காற்றை உறிஞ்சி, அது இதயத்தில் போய் அடைத்துக்கொள்ளலாம். அங்கே கையை எடுத்தால் மட்டும் போதாது. ஆகவே மயக்க மருந்துப் பதிவேட்டின் நகலைக் கேட்டு வாங்குங்கள். எத்தனை மணிக்குத் துடிப்பு சரிந்தது, என்ன மருந்து போட்டார்கள் என்பது அதில் இருக்கும். அந்த நேரத்தில் சர்ஜன் எதைத் தொட்டுக்கொண்டிருந்தார் என்று அவரிடமே கேளுங்கள்.

அந்தப் பெண் பத்தாம் நாள் நடந்தே வீட்டுக்குப் போனார். உறவினர்கள் சர்ஜனின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். பக்கத்தில் நின்ற என்னிடம் பெரியவர் ஒருவர் கேட்டார்: "தம்பி, பில் எங்கே கட்ட வேண்டும்?"