‘நல்லாத்தான் கீறேன் டாக்டர்’: புற்றுநோயும் மனச்சுமையும் – வாசகர் கேள்விகள்

தெர்மாமீட்டர் படம் போட்டு மனச்சுமையை அளக்கும் ஒரு தாளைப் பற்றித்தான் இந்த முறை பாதிக் கடிதங்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய், மூன்றாவது கீமோ முடிந்திருக்கிறது. ஓ.பி.யில் நர்ஸ் ஒரு தாளைக் கொடுத்து 0 முதல் 10 வரை ஒரு எண்ணை வட்டமிடச் சொன்னார். அம்மா 0 போட்டுவிட்டார். வீட்டிலோ சாயங்காலம் ஆனால் அழுகை. தாள் பொய்யா, அம்மா சொல்வது பொய்யா?
– குடியாத்தம் மகள்

இரண்டும் பொய்யில்லை. அந்தத் தாளுக்கு டிஸ்ட்ரெஸ் தெர்மாமீட்டர் என்று பெயர். நியூயார்க்கின் மெமோரியல் ஸ்லோன் கெட்டரிங் மருத்துவமனையில் ஜிம்மி ஹாலண்ட் என்ற மனநல மருத்துவரும் அவர் குழுவும் புராஸ்டேட் புற்றுநோய் வந்த ஆண்களிடம் இதைப் பயன்படுத்தி, 1998-இல் வெளியிட்டார்கள். ‘வலி எவ்வளவு, பத்துக்குச் சொல்லுங்கள்’ என்றால் நோயாளி கூச்சமில்லாமல் சொல்லிவிடுகிறார். அதே அளவுகோலை மனச்சுமைக்கும் வைத்தார்கள், அவ்வளவுதான். இன்றோடு சேர்த்துக் கடந்த ஒரு வாரத்துக்கான எண் அது. 4-ஐத் தொட்டால், யாராவது உட்கார்ந்து பேச வேண்டும் என்று பொருள்.

நம் ஊரில் சிக்கல் எங்கே என்றால், அம்மா வட்டமிடும்போது பக்கத்தில் மகனும் மருமகனும் நிற்கிறார்கள். ‘நல்லாத்தான் கீறேன்’ என்பதைத் தவிர வேறு என்ன சொல்வார்? மனசைப் பற்றிக் கேட்டால் நம் ஆட்கள் உடம்பில்தான் பதில் சொல்வார்கள்: ‘நெஞ்சு படபடங்குது’, ‘வயிறு ஒரு மாதிரியா கீது’. அது மழுப்பல் இல்லை, நாம் பேசும் விதமே அப்படி.

அதனால் எண்ணைப் பார்த்ததும் நான் கேட்பது, ‘நேத்து எழுந்ததிலேருந்து என்னென்ன செஞ்சீங்க?’ அணைக்கட்டுப் பக்கத்து அம்மா ஒருவர் 2 போட்டிருந்தார். பேச்சுவாக்கில், வாசலில் கோலம் போட்டுப் பத்து நாள் ஆச்சு என்றார். குனிய முடியவில்லை போல என்று நினைத்தேன். இல்லை, முடி கொட்டிய தலையோடு தெருவில் நிற்க வெட்கம். அதனால் தண்ணீர் பிடிக்கப் போவதில்லை, கோயிலுக்குப் போவதில்லை, அண்ணன் மகள் வளைகாப்புக்கும் போகவில்லை. அந்த 2-க்குள் இவ்வளவு இருந்தது.

அடுத்த முறை, ‘அம்மா தனியா ஐந்து நிமிஷம் உட்கார்ந்து எழுதட்டும்’ என்று நர்ஸிடம் கேளுங்கள். சாயங்கால அழுகையை நீங்களே சொல்லிவிடுங்கள், அது கோள் சொல்வது ஆகாது. இன்னொன்று: பின்னால் அம்மாவுக்கு டாமாக்சிஃபென் (மார்பகப் புற்றுநோய் திரும்பாமல் இருக்கத் தரும் மாத்திரை) எழுதினால், மன அழுத்த மாத்திரை தரும் டாக்டருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். ஃப்ளுவாக்செடின், பராக்செடின் போன்றவை டாமாக்சிஃபெனின் வேலையைக் குறைக்கக்கூடும். குறைக்காத மாத்திரைகளும் இருக்கின்றன.

நான் 7 போட்டேன். மனநலப் பிரிவுக்குப் போகச் சொல்கிறார்கள். எனக்குப் பைத்தியம் என்று முடிவு கட்டிவிட்டார்களா?
– ஆற்காடு

இல்லை. அது நோயின் பெயர் இல்லை, மேற்கொண்டு விசாரிக்கச் சொல்லும் எண். 8 போட்ட ஒருவரிடம் விசாரித்தால் வாரம் ஐந்து நாள் கதிர்வீச்சுக்கு வந்துபோகும் பஸ் செலவும், போகிற சம்பளமும்தான் காரணம். அவரை என்னிடம் அனுப்புவதைவிடச் சமூகப் பணியாளரிடம் அனுப்புவதுதான் வைத்தியம். எண்ணுக்குக் கீழே பணம், பயணம், பிள்ளைகள், தூக்கம், வலி என்று ஒரு பட்டியல் இருக்குமே, அதையும் டிக் செய்யுங்கள். பலர் விட்டுவிடுகிறார்கள்.

கணவருக்குத் தொண்டைப் புற்றுநோய். கதிர்வீச்சு முடிந்து எட்டு மாதம். ஸ்கேனில் நோய் இல்லை என்றாகிவிட்டது. ஆனாலும் கடையைத் திறப்பதில்லை, நாளெல்லாம் படுக்கை. சோம்பலா, மன அழுத்தமா?
– சோளிங்கர்

சோம்பல் என்ற சொல்லை முதலில் தள்ளி வையுங்கள். கழுத்தில் கதிர்வீச்சு வாங்கியவருக்கு மாதங்கள், வருடங்கள் கழித்தும் தைராய்டு சுரப்பு குறையலாம். அசதி, மந்தம், எதிலும் பிடிப்பில்லாமை எல்லாம் அதிலும் வரும். தைராய்டுக்கான டி.எஸ்.ஹெச். ரத்தப் பரிசோதனையும் ஹீமோகுளோபின் அளவும் பார்க்காமல் மன அழுத்தம் என்று முத்திரை குத்தக்கூடாது.

மன அழுத்தத்துக்கான ஒன்பது கேள்வித் தாளிலும் இதே தொல்லை உண்டு. தூக்கம், பசி, அசதி மூன்றும் அதில் இருக்கின்றன. புற்றுநோய் சிகிச்சை எடுத்தவருக்கு மனசு தெளிவாக இருந்தாலும் இந்த மூன்றிலும் மார்க் ஏறிவிடும். ஆகவே வேறு இரண்டைக் கவனியுங்கள். முன்பு பிடித்தது எதுவுமே இப்போது பிடிக்கவில்லையா? ‘நான் இவங்களுக்குப் பாரம்’ என்கிறாரா? பேரனைக் கண்டால் முகம் மலர்கிறது, ஆனால் எழ முடியவில்லை என்றால் அசதி பக்கம் சாயுங்கள். பேரன் வந்தாலும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தால், அது வேறு.

இதில் நானே சறுக்கியிருக்கிறேன். ஆரம்பக் காலத்தில் ஒரு தறிக்காரர் 3 போட்டிருந்தார். 4-க்குக் கீழேதானே என்று அனுப்பிவிட்டேன். தறியில் உட்கார்ந்தே இரண்டு மாதம் ஆகிறது என்பதை நான் கேட்கவே இல்லை. அடுத்த கீமோவுக்கு அவர் வரவில்லை.

பரிசோதனை முடியும்வரை சும்மா இருக்க வேண்டாம். புற்றுநோய் அசதிக்கு ஓய்வைவிட அளவான நடைதான் கைகொடுக்கிறது. ‘கடையைத் திற’ என்று நெருக்காதீர்கள். வெயிலுக்கு முன்னால் கடைவரை நடந்து, பத்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு வரட்டும். வேலூர் வெயிலை நான் சொல்லத் தேவையில்லை.

கீமோ போட்ட இரண்டு மூன்று நாள் தூக்கமே இல்லை, எல்லோர் மேலும் எரிந்து விழுகிறேன்.
– காட்பாடி

வாந்திக்குத் தரும் டெக்ஸாமெத்தசோன் காரணமாக இருக்கலாம். காலை வேளைக்கு மாற்ற முடியுமா என்று டாக்டரைக் கேளுங்கள், நீங்களாக நிறுத்தாதீர்கள்.

அப்பாவுக்குப் புற்றுநோய் என்று சொல்லவில்லை, ‘கட்டி’ என்றுதான் சொல்லியிருக்கிறோம். இந்தத் தாளைக் கொடுத்தால் தெரிந்துவிடாதா?
– ராணிப்பேட்டை

தாளைப் பார்த்துத் தெரிய வேண்டியதில்லை. வார்டில் பக்கத்துக் கட்டில்காரர் முதல் நாளே ‘உங்களுக்கு எந்த இடத்துல?’ என்று கேட்டிருப்பார். தெரிந்தும் தெரியாத மாதிரி உங்களுக்காக நடிக்கும் அப்பாக்களை நிறையப் பார்த்துவிட்டேன். இரண்டு பக்கமும் நடிப்பு, நடுவில் அவர் தனியாள்.

அதற்காக இன்றைக்கே போட்டு உடைக்கச் சொல்லவில்லை. ‘உங்க உடம்பைப் பத்தி என்னப்பா நினைக்கிறீங்க? இன்னும் ஏதாவது தெரிஞ்சிக்கணுமா?’ என்று கேளுங்கள். ‘வேணாம், நீங்களே பார்த்துக்கங்க’ என்றால் அதையும் மதியுங்கள். தாளைத் தாராளமாகக் கொடுக்கலாம், அதில் மனச்சுமையைத்தான் கேட்கிறார்கள்.

மன அழுத்தத் தாளின் ஒன்பதாவது கேள்வியில் ‘செத்துப்போகலாம் என்று தோன்றியதா’ என்று கேட்கிறார்கள். இல்லாததைக் கிளப்பிவிடுவது போல இல்லையா?
– பேர்ணாம்பட்டு

கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. ‘கேட்டீங்களே, அதுவே போதும்’ என்று அழுதவர்கள்தான் அதிகம். ‘ஆமாம்’ என்று பதில் வந்தால் அன்றே டாக்டரிடம் சொல்லுங்கள், தனியாக விடாதீர்கள். நிலத்துக்கு அடிக்கும் பூச்சிமருந்தையும் மிச்ச மாத்திரைகளையும் வீட்டைவிட்டு அப்புறப்படுத்துங்கள். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416. இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம்.

மாமியாரைப் பார்த்துக்கொள்வது நான்தான். என்னை யாரும் தாளில் வட்டமிடச் சொல்வதில்லையே?
– வாலாஜாபேட்டை

சொல்ல வேண்டும், சொல்வதில்லை. உங்கள் எண் என்ன என்று எழுதவில்லையே. 14416 உங்களுக்கும்தான். மாமியார் படுத்த படுக்கை என்றால், மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து பார்ப்பார்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுங்கள். அவர்கள் வரும்போது உங்கள் தூக்கத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.