நோகாத கட்டி, விறைத்த அண்ணம்

கேள்வி: வயது 51. மேலண்ணத்தில் வலப்பக்கம் கச்சான் பருப்பளவில் ஒரு கட்டி, ஒன்றரை வருடமாக இருக்கிறது. நோவு இல்லை. பாமசியில் மூன்று தடவை அமொக்சிசிலின் வாங்கிக் குடித்தும் வற்றவில்லை. கட்டுப்பல் இறுகியதால் அதை அராவித் தந்தார்கள். நாக்கின் பின்புறம் பரு வரிசை, உதட்டுக்குள் மஞ்சள் புள்ளிகள், வாய் வறட்சி எல்லாம் உண்டு. நான் வெற்றிலை போடுவதே இல்லை. பல் வைத்தியர் சிறு துண்டு வெட்டிச் சோதிக்கச் சொன்னார். கத்தி பட்டால் பரவும் என்று மாமி தடுக்கிறா. கட்டாரிலிருந்து மகன் அனுப்பிய வீடியோவிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். குளிசையால் கரைக்க வழியில்லையா? இப்போது கொஞ்ச நாளாகத் தேத்தண்ணிச் சூடும் அந்தப் பக்கம் சரியாகத் தெரியுதில்லை.
வாசகி, களுவாஞ்சிகுடி

பதில்: போகிற போக்கில் எழுதி முடித்திருக்கிறீர்களே, அந்தத் தேத்தண்ணி வரி, அதற்குத்தான் முதலில் பதில். மற்ற எல்லாம் காத்திருக்கலாம். இது காத்திருக்கக் கூடாது.

மேல் கடைவாய்ப் பல்லுக்கு உட்புறமாக, அண்ண எலும்பில் ஒரு சிறிய துளை இருக்கிறது. அதன் வழியாக இறங்கிவரும் நரம்புதான் அண்ணத்தின் அந்தப் பக்கத்தில் பெரும்பகுதிக்குச் சூடு, குளிர், தொடுகை எல்லாவற்றையும் உணர்த்துகிறது. உங்கள் கட்டி இருப்பதாக நீங்கள் சொல்லும் இடமும் ஏறக்குறைய அதுதான். கட்டி இருக்கும் பக்கத்திலேயே உணர்வு குறைகிறது என்றால், அந்த நரம்புக்கு என்ன ஆனது என்று உடனே பார்க்க வேண்டும். தீங்கில்லாத கட்டி பெரும்பாலும் நரம்பை ஒதுக்கித் தள்ளிவிட்டு வளரும். உணர்வை அழிப்பது அதன் வழக்கமில்லை. கட்டுப்பல் அழுத்தியதால் விறைக்கிறது என்று சொல்லித் தேற்றிக்கொள்ளவும் வேண்டாம். மேல் கட்டுப்பல் அழுத்தினால் புண் வரும், நோகும். உங்களுக்கு நடப்பது அதற்கு நேர்மாறு.

கட்டுப்பல் இறுகியதுகூட ஒரு தடயம்தான். பல்லின் தட்டு மாறவில்லை, அடியில் இருந்த அண்ணம் மாறியிருக்கிறது. அராவிக் கொடுத்தவர் உங்கள் வாய்க்குள் ஒரு தடவை டோச் அடித்துப் பார்த்தாரா என்று கேட்கத் தோன்றுகிறது. சரி, அது போகட்டும். அந்தத் தட்டை இன்றிலிருந்து கழற்றி வையுங்கள்.

இனி கட்டியைப் பற்றி. உமிழ்நீர் சுரப்பி என்றதும் எல்லாரும் காதுக்கு முன்னாலும் தாடைக்குக் கீழும் நாக்கின் அடியிலும் உள்ள பெரிய சுரப்பிகளைத்தான் நினைப்பார்கள். அவை தவிர உதடு, கன்னம், அண்ணம், நாக்கு, தொண்டை என்று வாயின் தோலுக்கு அடியில் 600 முதல் 1000 வரை சிறு சுரப்பிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் குண்டூசித் தலையளவுதான். அண்ணத்தில் அவை நடுக்கோட்டிலும் முன்பக்கத்திலும் இல்லாமல், பின்புறம் இரு பக்கங்களிலும் நெருங்கிக் கிடக்கின்றன. இந்தச் சிறு சுரப்பிகளில் கட்டி வருவது அபூர்வம். வந்தால் அதிகம் வரும் இடம் அண்ணம்தான்.

காதுக்கு முன்னால் உள்ள பெரிய சுரப்பியில் வரும் கட்டிகளில் நான்கில் மூன்றுக்குக் குறையாதவை தீங்கற்றவை. வாயின் சிறு சுரப்பிகளில் அந்தக் கணக்கு பலிக்காது; ஏறக்குறைய பாதி புற்றுநோயாக இருக்கும். உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. மற்றப் பாதியில் நீங்கள் இருக்கவும் இடமுண்டு. ஆனால் எந்தப் பாதி என்பதைப் பார்வையாலோ தடவிப் பார்த்தோ படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பியோ எவராலும் சொல்ல முடியாது. நானும் இந்தக் கடிதத்தை வைத்துச் சொல்லப் போவதில்லை.

நோவு இல்லை என்பதை ஆறுதலாக எழுதியிருக்கிறீர்கள். இந்த வகைக் கட்டிகள் தீங்கற்றதாக இருந்தாலும் புற்றாக இருந்தாலும் பெரும்பாலும் நோகாது. நோவோடு நாலு நாளில் வீங்கி, பல்லைத் தட்டினால் சுள்ளென்று குத்தி, உடைந்து சீழ் வருவது பல்லில் இருந்து கிளம்பிய கிருமி. அதற்குத்தான் அமொக்சிசிலின். ஒன்றரை வருடம் சத்தமில்லாமல் இருக்கிற கட்டிக்கு அந்தக் குளிசை என்ன செய்யும்? முதல் தடவை வற்றவில்லை என்றதும் இரண்டாம் தடவை ஏன், மூன்றாம் தடவை ஏன்? கவுண்டரில் நின்று 'அண்ணத்தில ஒரு வீக்கம்' என்றால் குளிசை எடுத்துத் தருவார்கள். வாயைத் திறக்கச் சொல்ல அங்கே யாரும் இல்லை. மூன்று தடவையும் போனது உங்கள் காசு மட்டுமில்லை, மாதங்களும்தான். கரைக்கும் குளிசை என்று ஒன்று கிடையாது. கஷாயத்திலும் படிகாரத் தண்ணீரிலும் கிடையாது.

இப்போது மாமியின் பேச்சுக்கு வருகிறேன். குளிசை கேட்டு எழுதியிருந்தாலும், உங்களை ஒன்றரை வருடம் வீட்டில் வைத்திருந்தது இந்தப் பயம்தான் என்று நினைக்கிறேன்.

பயொப்ஸி என்றால் என்ன? பல் பிடுங்கும்போது போடுவதுபோல ஒரு விறைப்பூசி. கட்டியின் நடுவில் இருந்து சில மில்லிமீற்றர் துண்டு. தேவையென்றால் ஒரு தையல். அன்றே வீட்டுக்குப் போகலாம். துண்டை ஃபோர்மலினில் போட்டு நோயியல் நிபுணருக்கு அனுப்புவார்கள். வாயிலிருந்து எடுக்கும் துண்டுகளைப் பேராதனைப் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவ பீடத்தில் அதற்கென்றே இருக்கிறவர்கள் நுணுக்குக்காட்டியில் பார்க்கிறார்கள். அண்ணத்தில் இப்படி ஒரு சின்னத் துண்டு எடுப்பதால் புற்றுநோய் உடம்பெல்லாம் பரவிவிடாது. பின் ஏன் ஊரெல்லாம் இந்தக் கதை? மாமிக்குத் தெரிந்த யாரோ ஒருவர் வாய் நிறையக் கட்டியோடு, கழுத்தில் நெறி கட்டிய பிறகு ஆஸ்பத்திரிக்குப் போயிருப்பார். அப்போது துண்டு எடுத்திருப்பார்கள். சில மாதத்தில் ஆள் போயிருப்பார். பழி கத்திக்கு விழுந்தது. பிந்திப் போனதைப் பற்றி யாரும் பேசவில்லை. மாமியைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை, கண்ணால் கண்டதைத்தான் அவ சொல்கிறா. அந்த வீடியோ போட்டவருக்குத்தான் மன்னிப்பில்லை.

சிலர், 'துண்டு எதற்கு, முழுதாகவே எடுத்துவிடுங்கள்' என்பார்கள். உதட்டில் சின்னதாக இருந்தால் அப்படிச் செய்வதுண்டு. அண்ணத்தில் என்ன கட்டி என்று தெரியாமல் தோண்டினால், ஒன்றில் குறைவாக எடுத்து மறுபடி முளைக்கவிடுவோம், அல்லது தேவையில்லாமல் அதிகம் எடுப்போம். தீங்கற்றவற்றில் அதிகம் காண்பது பிளியோமோர்பிக் அடினோமா. அதையும் சும்மா விட முடியாது. வருடக்கணக்கில் விட்டால் சில புற்றாக மாறும், கோதுடைத்து எடுப்பதுபோல எடுத்தால் திரும்ப வரும். சுற்றியுள்ள கொஞ்சம் நல்ல சதையோடு எடுத்தால் பெரும்பாலும் கதை முடிந்தது.

புற்றுநோய்களில் இங்கே அதிகம் வருவது மியூகோஎபிடெர்மொயிட் கார்சினோமா, அடினாயிட் சிஸ்டிக் கார்சினோமா என்ற இரண்டும். முதலாவது பலருக்கு மெதுவாக வளரும் வகையாகத்தான் இருக்கும். சத்திரசிகிச்சையோடு நன்றாகவே குணமாகிறது. இரண்டாவதுதான் உங்கள் தேத்தண்ணி வரியைப் படித்ததும் என் நினைவில் வந்தது. அது மெதுவாக வளரும், ஆனால் நரம்பைப் பிடித்தால் கம்பத்தைப் பற்றிய கொடி மாதிரி அதன் வழியே மேலே ஏறும். அண்ணத்து நரம்பு போய்ச் சேருவது மண்டையோட்டின் அடிக்கு. கீழே இருக்கும்போதே பிடித்தால் எடுக்கக்கூடியதை, மேலே போன பிறகு எடுக்க முடியாமல் போகலாம். பல வருடம் கழித்து நுரையீரலில் தலைகாட்டுகிற பழக்கமும் அதற்கு உண்டு. அதனால், அது வந்தவர்களை 10 வருடத்துக்கு மேலும் கிளினிக்குக்குக் கூப்பிட்டுப் பார்க்கிறோம். உங்களுக்கு இதுதான் என்று நான் சொல்லவில்லை. இதுவாக இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கும்போது அடுத்த மாதம் வரை பொறுக்க முடியாது என்றுதான் சொல்கிறேன். எலும்பு அரித்திருக்கிறதா என்று பார்க்க சி.ரி. ஸ்கானும், நரம்பின் பாதையைப் பார்க்க எம்.ஆர்.ஐ.யும் கேட்பார்கள். மறுக்காதீர்கள்.

அண்ணத்தின் ஒரு பகுதியை எலும்போடு எடுக்க வேண்டி வந்தால் எப்படிச் சாப்பிடுவது, எப்படிப் பேசுவது என்ற பயம் அடுத்து வரும். மூக்குக்கும் வாய்க்கும் இடையே வரும் துவாரத்தை மூட, கட்டுப்பல் மாதிரியே கழற்றி மாட்டும் தட்டு செய்து தருவார்கள். கட்டுப்பல் போட்டுப் பழகிய உங்களுக்கு அது பெரிய புதினமாக இராது.

வெற்றிலை போடாததால் புற்று வராது என்ற கணக்கும் இங்கே சரிவராது. பாக்கை, புகையிலை சேராமலே, புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று புற்றுநோய் ஆய்வுக்கான சர்வதேச அமைப்பு 2004 இல் வெளியிட்ட அறிக்கையில் சொன்னது. நம் ஊரில் வாய்ப்புற்றுக்குப் பெரிய காரணம் அதுதான். ஆனால் அது வாயின் மேல்தோலில் வருவது. சுரப்பிக்குள் வரும் கட்டி வெற்றிலை போடுகிறவரா, போடாதவரா என்று பார்த்து வருவதில்லை.

மிச்சத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன். நாக்கின் பின்புறம் வளைந்த வரிசையில் இருக்கும் பருக்கள் பிறந்ததிலிருந்து உங்களோடு இருக்கின்றன. சுவை அறிவது அவற்றின் வேலை. டோச் அடித்து நாக்கை இழுத்துப் பார்க்கிறவர்கள் எல்லாருமே பயந்துதான் போகிறார்கள். உதட்டின் மஞ்சள் புள்ளிகள் எண்ணெய்ச் சுரப்பிகள், மறந்துவிடுங்கள். வாய் வறட்சிக்கு நீரிழிவு இருக்கிறதா என்று இரத்தத்தைப் பாருங்கள். நித்திரைக்கென்று பிரிட்டோன் (தும்மல், அரிப்புக்குத் தரும் குளிசை) குடிக்கும் பழக்கம் இருந்தால் அதுவே காரணமாக இருக்கலாம்.

இதைப் படித்துவிட்டு வாயைத் தடவிப் பார்க்கப் போகிற மற்றவர்களுக்கும் ஒரு சொல். அண்ணத்தின் சரியான நடுவில் கல்லுப்போல இருக்கும் மேடு எலும்பு, அதற்கு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. கீழுதட்டைக் கடித்த பிறகு நீல நிறத்தில் நீர்க்கொப்புளம்போல வந்து, உடைந்து, திரும்ப வருவது பெரும்பாலும் எச்சில் தேங்கியதுதான். ஆனால் மேலுதட்டில் கெட்டியாக ஒரு உருண்டை இருந்தால் அதையும் எச்சில் கட்டி என்று விடாதீர்கள், காட்டுங்கள். அண்ணத்தில் திடீரென்று குழி விழுந்த புண்ணின் படங்களை இணையத்தில் பார்த்துவிட்டு நித்திரையில்லாமல் வருகிறார்கள். அப்படியான புண்ணில் ஒருவகை, சுரப்பிக்கு இரத்த ஓட்டம் தடைப்பட்டு வந்து 6 முதல் 10 கிழமைக்குள் தானாக ஆறுகிறது. அதையும் புற்றில்லை என்று சொல்லத் துண்டு எடுத்துத்தான் பார்க்க வேண்டும்.

நீங்கள் இந்தக் கிழமையே களுவாஞ்சிகுடி ஆதார வைத்தியசாலையின் பல் பிரிவுக்குப் போய், மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையின் வாய், முக, தாடை சத்திரசிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் வாங்குங்கள். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் இருக்கிறவர்களும் பக்கத்து ஆஸ்பத்திரியின் பல் பிரிவில் தொடங்கலாம். எல்லாம் இலவசம். வைத்தியரிடம் முதலில் 'வலப்பக்கம் விறைக்குது' என்று சொல்லுங்கள். கட்டியைப் பற்றி அதற்குப் பிறகு சொன்னால் போதும். கன்னமோ மேலுதடோ விறைத்தாலும், மூக்கு ஒரு பக்கம் அடைத்தாலும் சேர்த்துச் சொல்லுங்கள். கழற்றிய கட்டுப்பல்லையும், குடித்த குளிசைகளின் அட்டைகளையும் எடுத்துப் போங்கள். அஸ்பிரின் குடிக்கிறவரென்றால் நீங்களாக நிறுத்தாமல், ஊசி போடுமுன் அவர்களிடம் சொல்லுங்கள். மாமி வர விரும்பினால் அவவையும் கூட்டிப் போங்கள், கேட்க வேண்டியதை அவவே நேரில் கேட்கட்டும்.