மலைக்கணவாய்ச் சத்திரத்துக்கு என்ன விலை சொல்வது?

கேள்வி: அக்கா, நாங்கள் ஐந்து பேர் ஞாயிறுதோறும் கூடி டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாடுகிறோம். ஒருவர் கதை சொல்ல, மற்றவர்கள் அதில் வரும் ஆட்களாகப் பகடை உருட்டி ஆடும் மேசை விளையாட்டு அது. 2014 பதிப்பு. கதையை நடத்துவது நான். மலைக்கணவாயில் வரும் ஒரு வழிச்சத்திரத்தை விலைக்கு வாங்கியே தீருவோம் என்று மற்ற நால்வரும் நிற்கிறார்கள். அவர்களிடம் 2,000 பொற்காசு இருக்கிறது. ஒருவன் 500 போதும் என்கிறான். இன்னொருத்தி புத்தகத்தைக் காட்டி 5,000 என்கிறாள். நான் என்ன விலை சொல்வது?
– ஒரு வாசகர், ஹட்டன்

பதில்: தம்பி, உங்கள் தோழி காட்டியது, கதை நடத்துபவருக்கான டன்ஜன் மாஸ்டர்ஸ் கைட் புத்தகத்தில் உள்ள கட்டடச் செலவுப் பட்டியலாக இருக்க வேண்டும். அதில் 5,000 பொன், 60 நாள் என்று போட்டிருப்பது வணிக நிலையத்துக்கு. அதுவும் புதிதாகக் கட்டுவதற்கு. சத்திரத்துக்கு அங்கே விலையே கிடையாது. அந்தப் புத்தகம் சத்திரத்தைப் பற்றிச் சொல்வது வேறு இரண்டு விஷயம்: அதை நடத்த ஒரு நாளைக்கு என்ன செலவு, மாதம் என்ன மிஞ்சும். விலையை அங்கேயிருந்துதான் எடுக்க வேண்டும்.

என் மாமா ஒருவர் நல்லதண்ணிப் பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடையை வாங்கினார். அவர் கடையைப் பார்க்கப் போனது பெப்ரவரியில். இரவெல்லாம் சிவனொளிபாதமலைக்கு ஏறுகிற சனம், கழுவி வைக்க நேரமில்லாமல் கோப்பைகள். ஒரு நாள் விற்பனையை முப்பதால் பெருக்கி, அதைப் பன்னிரண்டால் பெருக்கி, கேட்ட விலையைக் கொடுத்துவிட்டார். மே மாத வெசாக் பௌர்ணமியோடு யாத்திரைக் காலம் முடிந்தது. அடுத்த டிசம்பர் பௌர்ணமி வரைக்கும் மழையும் மிஸ்டும்தான். விற்றவர் பொய் ஒன்றும் சொல்லவில்லை, மாமா கேட்காததைச் சொல்லாமல் இருந்துவிட்டார். வீட்டில் அந்தக் கடனை அடைக்க நாங்கள் பட்ட பாடு எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அதனால்தான் உங்கள் கேள்வியை வாசித்ததும் எனக்குக் கணவாய்தான் முதலில் கண்ணில் பட்டது. அந்த வழி வருஷம் முழுக்கத் திறந்திருக்குமா? பனி விழுந்தால் எத்தனை மாதம் மூடும்? உங்கள் ஆட்கள் எந்த மாதத்தில் போய்ப் பார்க்கிறார்கள்? விலை பேசுவதற்கு முன்னால் இதை நீங்கள் முடிவு செய்துகொள்ள வேண்டும்.

சரி, கணக்குக்கு வருவோம். வழிச்சத்திரத்தை நடத்தும் செலவு நாளுக்கு 10 பொன். சாதாரணத் தங்கல் ஆளுக்கு 5 வெள்ளி, ஒரு நாள் சாப்பாடு 3 வெள்ளி, பத்து வெள்ளி ஒரு பொன். எட்டுக் கட்டில் நிறைந்தால் 4 பொன். இருபது பேர் சாப்பிட்டால் 6 பொன். இவ்வளவும் நடந்தால்தான் அன்றையச் செலவே தேறும். ஏல் என்கிற பியர் விற்று வருவது குவளைக்கு 4 செம்புக்காசு, அது பெரிய தொகை இல்லை.

மாத லாபத்துக்குப் பகடை இருக்கிறது. நூறுக்குள் ஒரு எண் விழும், அதோடு வாங்கியவர் அந்த மாதம் சத்திரத்தில் செலவழித்த நாட்களைக் கூட்ட வேண்டும், அதிகபட்சம் 30. கூட்டினால் வருவது பெரிதாக இருந்தால் லாபம், சிறிதாக இருந்தால் நட்டம். முழு மாதமும் ஒருவர் கூடவே இருந்தால் சராசரியாக 26 பொன் மிஞ்சுகிறது, நான் போட்டுப் பார்த்தேன். வருஷத்துக்கு 312. ஆகவே 5,000 கொடுத்தால் போட்ட காசு திரும்ப 16 வருஷம் ஆகும். 500 என்றால் இரண்டு வருஷ லாபம் கூட இல்லை. இரவோடிரவாக ஊரை விட்டுப் போக வேண்டிய ஆள்தான் அந்த விலைக்குக் கொடுப்பார். உங்கள் கதையில் அப்படி ஒருவர் இருந்தால் 500 நியாயமான விலைதான். ஆனால் அவர் எதற்குப் பயந்து ஓடுகிறார் என்பது உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அது அடுத்து வாங்கியவர்களைத் தேடித்தான் வரும்.

என்னைக் கேட்டால் 1,500 சொல்லுங்கள். மூன்று வருஷ லாபம் வியாபாரத்துக்கு, மிச்சம் கட்டடத்துக்கும் பாத்திரம் பண்டத்துக்கும். ஆனால் முழுக் காசையும் ஒரேயடியாக அவர்களிடம் வாங்க வேண்டாம். 600 முற்பணம், பாக்கி 900, மாதம் 50 வீதம் 18 மாதம். சத்திரம் தருவது 26தான் என்பதால் மீதி 24ஐத் தேடி அவர்கள் வெளியே போகத்தான் வேண்டும். எல்லாரும் ஒன்றாகப் போனால் பகடையில் நாள் சேராது. ஒருவர் கூடவே இருக்கும் மாதத்தில் நட்டம் வர வாய்ப்பு பத்தில் ஒன்று, யாருமே இல்லாத மாதத்தில் பத்தில் நாலு. நட்டத்தைக் கட்டாமல் விட்டால் ஒவ்வொரு பாக்கிக்கும் அடுத்தடுத்த பகடைகளில் 10 குறையும். யார் நிற்பது, யார் போவது என்று அந்த நாலு பேரும் மேசையில் வாதாடுவதைக் கேளுங்கள். விளையாட்டே அங்கேதான் இருக்கிறது.

இன்னொன்று, கடன் கொப்பி. நம்ம ஊரில் தோட்டத்துப் பக்கம் கடை நடத்துகிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள், பாதி வியாபாரம் சம்பள நாளை நம்பி அந்தக் கொப்பியில்தான் இருக்கும் என்று. கடை கைமாறும்போது பெரிய தகராறும் அதில்தான் வரும்: பழைய கடன் விற்றவருக்கா, வாங்கியவருக்கா? உங்கள் சத்திரக்காரரும் ஒரு கொப்பி வைத்திருக்கட்டும். வண்டிக்காரர்கள், காவலர்கள், ஒரு சூனியக்காரி, எப்போதோ போய்த் திரும்பி வராத ஒரு வீரன், எல்லாருடைய கணக்கும் அதில் இருக்கட்டும். அதையும் சேர்த்து வாங்கினால் 1,500க்கு மேல் இன்னும் 100 கேளுங்கள். அந்தக் கொப்பியை நீங்களே கையால் எழுதி, தேத்தண்ணிக் கறை ஒன்று வைத்து, அடுத்த ஞாயிறு மேசையில் போடுங்கள்.